சுவரில் தொங்காத சான்றிதழ்

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அறிவுரை சொல்லும் வியாதி எனக்கு உண்டு. நான் படித்த படிப்புக்கு இன்றுவரை வேலை கிடைக்காதது அதற்குத் தடையாக இருந்ததில்லை.

புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் அன்று அகப்பட்டவள் பி.பார்ம் கடைசி வருஷ மாணவி. மடியில் மடித்த வெள்ளைக் கோட்டு. என் சட்டைப்பையில் தெரிந்த மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கி, காலாவதித் தேதி பார்த்துவிட்டுத் தந்தாள். எந்த அட்டையைக் கண்டாலும் அப்படித்தானாம்.

“நல்ல படிப்பும்மா. சர்டிபிகேட்டை மெடிக்கல் ஷாப்புக்கு வாடகைக்கு விட்டுட்டு நிம்மதியா வீட்ல இருக்கலாம்” என்றேன்.

“நகரியில தறி ஓட்டற எங்க நைனாவும் அதத்தான் சொல்லிக்கினு இருக்காரு சார். திருப்பதியில அலிபிரி கிட்ட மருந்துக் கடை வெச்சிருக்கிறவங்க பொண்ணு கேட்டு வந்தாங்க. அவங்களுக்கு வோண்டியது சர்டிபிகேட்டு, நானில்ல. முடியாதுன்னுட்டேன். திருப்பதியில ரயில் புடிச்சி ஐதராபாத்ல மாத்திர செய்யற கம்பெனிக்கு இன்டர்வியூ போய்க்கினு இருக்கேன்.”

“அது கிடைக்கலன்னா?”

“எந்தச் செவுத்துல என் சர்டிபிகேட்டு தொங்குதோ, அதுங்கீழ நான் நிப்பேன். இல்லன்னா அது பொட்டியிலயே கெடக்கட்டும்.”

மறு வருஷம் அலிபிரி பக்கம் ஒரு கடையில் தலைவலி மாத்திரை கேட்டேன். சுவரில் ஒரு பெண்ணின் சான்றிதழ். போட்டோவை உற்றுப் பார்த்தேன்; அவள் இல்லை. எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

“இவங்க எங்கே?” என்றேன் கடைக்காரரிடம், அட்டையைத் திருப்பித் தேதி பார்த்தபடி.

“எங்க மருமக சார். வூட்ல கொழம்பு வெச்சிக்கினு இருக்குது. அது உங்களுக்கு இன்னாத்துக்கு? மாத்திர எத்தினி வோணும்?”