மிச்சம் மாஸ்டரும் பாதிப் புட்டி மருந்தும்

எதையும் தூக்கிப் போடாத மனிதருக்கு வழக்கமாகக் கஞ்சன் என்று பெயர் வைத்துவிடுவார்கள். எங்கள் தெரு டெய்லர் அந்தப் பெயரிலிருந்து மயிரிழையில் தப்பியவர். அவருக்கு வாய்த்த பெயர் மிச்சம் மாஸ்டர். சட்டைத் துணி கொடுத்தால் சட்டை வரும். கூடவே, கேட்காமலே, அதே துணியில் ஒரு கைக்குட்டையும் வரும். "மிச்சம் இருந்துச்சு" என்பார், ஏதோ தன் சொத்தில் பங்கு பிரித்துக் கொடுப்பதுபோல. கைக்குட்டைக்கும் போக மீந்தது கடை மூலையில் மூட்டையாகும். அந்த மூட்டைகள்தான் வாடிக்கையாளர்களுக்கு நாற்காலி. தெருவில் பாதிப் பேர் தங்கள் பழைய பேண்ட்டின் மேல் உட்கார்ந்துதான் புதுப் பேண்ட்டுக்கு அளவு கொடுத்திருக்கிறார்கள்.

அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. குழந்தைத் துணி என்றால் அளவு எடுப்பார், எடுத்ததை எழுதியும் வைப்பார், பிறகு அதற்கும் மேலே கொஞ்சம் சேர்த்து வெட்டுவார். கேட்டால் வளர்கிற பிள்ளை என்பார். அவர் தைத்த பள்ளிச் சீருடையில் முதல் வருஷம் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் வருஷம் கச்சிதமாக இருக்கும். அதற்குள் பள்ளிக்கூடம் சீருடையின் நிறத்தை மாற்றிவிடும்.

வீட்டின் முன்னறைதான் கடை. நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் மெஷின், வெட்டுமேஜை, இஸ்திரிப் பெட்டி. அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ், அடுப்பு, குடும்பம். மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவர். காலையில் கிளம்பினால் நடுவில் ஒருதரம் வந்து சாப்பிட்டுவிட்டு, மறுபடி போய்ச் சாயங்காலம்தான் திரும்புவார். வேன் நிறைய அடுத்தவர் பிள்ளைகளை அதட்டி அதட்டி, அவர் சாதாரணமாகப் பேசினாலே நாம் சீட் பெல்ட் போட்டிருக்கிறோமா என்று குனிந்து பார்க்கத் தோன்றும். ஒரே மகள். ஐந்து வயது. வெட்டுமேஜைக்கு அடியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிற ஆளிடம் எல்லாம் "என்ன வேணும், எப்ப வேணும்" என்று விசாரிப்பதால் அவளுக்கு மேனேஜர் என்று பெயர்.

மேனேஜருக்கு ஒருநாள் இடது காதில் வலி வந்தது. காய்ச்சலும் வந்தது. மனைவி வேனில் இருந்ததால், மாஸ்டர் கடையைச் சாத்திவிட்டு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், எடை பார்த்தார், ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார், ஏதேதோ விளக்கினார். இங்கேதான் மாஸ்டரின் தொழில் அவருக்குக் குறுக்கே நின்றது. எதிரே நிற்பவர் பேசும்போது முகத்தைப் பார்க்கும் பழக்கம் டெய்லருக்குக் கிடையாது. தோள்பட்டையைத்தான் பார்ப்பார். டாக்டரின் கோட்டில் ஒரு தோள் இறங்கியிருந்தது. அதை எப்படிப் பிரித்துத் தைக்கலாம் என்று மாஸ்டர் மனசுக்குள் பிரித்துத் தைத்து முடிப்பதற்குள் டாக்டர் பேசி முடித்திருந்தார்.

மருந்துக்கடையிலும் அதே கதை. கடைக்கார அம்மா பொறுமைசாலி. புட்டியைத் தட்டி உள்ளே இருந்த பொடியை உதிர்த்தார், தண்ணீரை அளந்து ஊற்றினார், குலுக்கினார், நுரை அடங்கும்வரை காத்திருந்து, சரியாகக் கோடுவரை வந்திருக்கிறதா என்று கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். ஊசி இல்லாத ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சைக் கொடுத்து, எந்தக் கோடுவரை எடுக்க வேண்டும் என்று பேனாவால் அடையாளமும் போட்டார். பிறகு சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னார். மாஸ்டர் தலையை ஆட்டினார். தலை ஆடியது நிஜம். காது இருந்தது அந்த அம்மாவின் ஜாக்கெட் கையில். அது ஒன்று நீளம், ஒன்று குட்டை.

வீடு வந்து சேர்ந்தபோது அவர் நினைவில் நின்றது இரண்டே விஷயம். ஃபிரிட்ஜில் வைக்கணும். குலுக்கணும்.

இரண்டையும் மனுஷர் பக்தியோடு செய்தார். குலுக்கியதில் இஸ்திரிப் பெட்டி ஆட்டம் கண்டது. ஆனால் சிரிஞ்சைக் கண்டதும் மேனேஜர் ராஜினாமா செய்துவிட்டு மேஜைக்கு அடியில் போய்விட்டாள். ஊசி இல்லை என்று காட்டினாலும் நம்பவில்லை. ஊசியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். அதனால் மாஸ்டர் சமையல் கரண்டிக்கு மாறினார். கரண்டியில் விளிம்புவரை ஊற்றி, வளர்கிற பிள்ளையாச்சே என்று இன்னும் ஒரு சொட்டு சேர்த்தார். அதில் பாதி அவள் வாய்க்குப் போனது, மீதி யாரோ ஒருவரின் கல்யாணக் கோட்டுக்குப் போனது. சாயங்கால வேளைக்கு யுக்தியை மாற்றினார். ஒரு பெரிய டம்ளர் ஜூஸில் மருந்தைக் கலந்தார். அவள் நாலு மடக்குக் குடித்துவிட்டு, ஜூஸ் கெட்டுப்போச்சு என்று தீர்ப்புச் சொல்லி டம்ளரை நகர்த்தினாள். எவ்வளவு மருந்து உள்ளே போனது, எவ்வளவு டம்ளரில் நிற்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு மாஸ்டர் நிற்கையில் வேன் வந்து நின்றது.

மனைவி டம்ளரைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், நனையாத சிரிஞ்சைப் பார்த்தார்.

"மாஸ்டர், நீங்க துணிக்கு அளவெடுக்கும்போது கரண்டியாலதான் எடுப்பீங்களா?"

வீட்டில் மனைவியும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும். மற்ற நேரத்தில் என்னங்க. மாஸ்டர் தன் தரப்பைச் சொன்னார். மனைவி கேட்டுக்கொள்ளவில்லை. உடனே மருந்துக்கடைக்கு ஃபோன் போட்டு, பாதி போன வேளைக்கு மறுபடி கொடுக்கலாமா என்று கேட்டார். எவ்வளவு உள்ளே போனதென்று தெரியாதபோது மேலே கொடுக்க வேண்டாம், அடுத்த வேளை நேரத்துக்குச் சரியான அளவு கொடுத்தால் போதும் என்று பதில் வந்தது.

மறுநாள் காலை மனைவியே செய்து காட்டினார். குழந்தையை நிமிர்ந்து உட்கார வைத்தார். படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து, வாயைத் திறக்க வைக்கும் மாஸ்டரின் யோசனை அங்கேயே தள்ளுபடி ஆனது; புரையேறிவிடும். பேனாக் கோடுவரை மருந்தை இழுத்தார், காற்றுக்குமிழியை வெளியே தள்ளினார், சிரிஞ்ச் நுனியைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்தார். பிறகுதான் வேன் டிரைவருக்கே உரிய தந்திரம் வந்தது. பின்பக்கக் குச்சியை மகள் கையில் கொடுத்தார். "நீதான் தள்ளணும். மெதுவா. முழுங்கினதும் இன்னும் கொஞ்சம். நான் பிடிச்சுக்கிறேன், அவ்வளவுதான்."

மேனேஜருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அன்றிலிருந்து மருந்து நேரத்துக்கு அவளே அப்பாவை அதட்டிக் கூப்பிட்டாள்.

காய்ச்சல் இறங்கியது. வலி போனது. மூட்டையிலிருந்து மூட்டைக்குத் தாவ ஆரம்பித்தாள். மாஸ்டர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாதிக்கு மேலே இருந்தது. குழந்தைக்கு நல்லாகிவிட்டது, மருந்து மிச்சம் இருக்கிறது. இந்த இரண்டு வாக்கியமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒரு மனிதர் என்ன செய்வார் என்பது அவர் எந்த மனிதர் என்பதைப் பொறுத்தது. நம்மவர் மூடியை இறுக்கி, ஒரு வெட்டுத்துண்டில் சுற்றி, ஃபிரிட்ஜின் உள்ளே தள்ளி வைத்தார். அடுத்த தடவைக்கு ஆகும்.

இதைப் பொய் என்று சொல்ல முடியாது. மனைவி சாயங்காலம் மருந்து கொடுத்தாச்சா என்று கேட்டபோது, "நல்லாயிட்டா" என்றுதான் சொன்னார். கேள்வி ஒன்று, பதில் வேறு. அலுவலகங்களில் இதற்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

ஆனால் பதவி போன அதிகாரி சும்மா இருப்பாளா? அடுத்த நாள் அம்மா வேனைவிட்டு இறங்கியதுமே புகார். "அப்பா என்னை வேலைலேர்ந்து தூக்கிட்டார். நேத்தும் தள்ள விடல. இன்னைக்கும் விடல."

மனைவி ஃபிரிட்ஜைத் திறந்தார். வெட்டுத்துண்டை அவிழ்த்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

"நல்லாயிடுச்சேம்மா. வீணா எதுக்கு. அடுத்த தடவை காது வலிச்சா..."

"ஓ. அடுத்த காது வலிக்கு இப்பவே துணி எடுத்து வெச்சிட்டீங்களா?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. ஏனென்றால் அன்று மத்தியானத்திலிருந்து அவர் மனசில் ஒன்று நெருடிக்கொண்டிருந்தது. மகள் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பவில்லை. மேனேஜர்கள் கூப்பிட்ட உடனே திரும்பமாட்டார்கள் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்தியிருந்தார். இப்போது அவள் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே புகார் சொல்வதைப் பார்த்ததும் அந்தச் சமாதானம் பிய்ந்தது.

பதற்றத்தில் அவர் செய்யப்போனது இன்னும் மோசம். விட்டுப்போனதற்கு ஈடாக இரண்டு வேளை அளவை ஒரே தடவையில் இழுத்தார். மனைவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இது சீருடை இல்ல. கூடுதலா விட்டு வெட்டாதீங்க." மறுபடி ஃபோன். கடைக்கார அம்மா இந்த முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாகக் கொடுக்கவே கூடாது, இப்போது ஒரு வேளை அளவு மட்டும், வலி திரும்பியிருக்கிறது என்பதால் டாக்டர் காதைப் பார்த்தே ஆகணும். உடம்பில் தடிப்பு வந்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ ஒரு நிமிஷமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடணும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். இதெல்லாம் அன்றைக்கே சொன்னதுதான் என்றும் சொன்னார். குரலில் குத்தல் இல்லை. அதனால்தான் அதிகம் குத்தியது.

பள்ளி வேனிலேயே டாக்டரிடம் போனார்கள். மாஸ்டர் இந்த முறை டாக்டரின் வாயை மட்டும் பார்த்தார். அவ்வளவு உற்றுப் பார்த்ததில் டாக்டர் ஒருதரம் தன் உதட்டைத் துடைத்துக்கொண்டார். காதுக்குள் சிவப்பு இன்னும் போகவில்லை. வலி போவது வேறு, கிருமி போவது வேறு. முதலில் சாவது சோதாக் கிருமிகள், வலி குறைந்துவிடும். முரட்டுக் கிருமிகள் பின்னால் உட்கார்ந்திருக்கும். இப்போதைக்கு அதே மருந்துதான், புதுப் புட்டி, சொன்ன நாள் முழுக்க. செவிப்பறைக்குப் பின்னால் கொஞ்சம் நீர் கட்டியிருக்கிறது, அதனால்தான் கேட்பது மங்கல். பெரும்பாலும் தானே வடியும். வடிகிறதா என்று பார்க்கத் திரும்பக் கூட்டி வரணும்.

பெரும்பாலும் என்ற சொல் வீடுவரை மாஸ்டர் மனசில் ஓடிக்கொண்டே வந்தது. வேனை நிறுத்தியதும் மனைவியிடம் கேட்டார். "முடிச்சுப் போடாம நூலை அறுத்துட்டேன், இல்ல?"  அன்று ராத்திரி மனைவி அவரை என்னங்க என்று கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு மாஸ்டர் மருந்து கொடுத்ததைப் பார்த்தால் ஏதோ ராக்கெட் விடுகிறார்கள் என்று நினைப்பீர்கள். கையைக் கழுவுவார், குலுக்குவார், கண்ணுக்கு நேரே தூக்கி இழுப்பார். மேனேஜர் குச்சியைத் தள்ளுவாள். சிரிஞ்சைக் கழுவிக் காயவைப்பார். யார் பேண்ட்டுக்கு அவசரம் என்றாலும் அந்த வேளை மெஷின் நிற்கும். நடுநடுவே ரகசியமாக ஒரு பரிசோதனையும் நடந்தது. மகளின் இடது பக்கம் போய் நின்று மெல்லக் கூப்பிடுவார். முதல் இரண்டு நாள் அவள் திரும்பவில்லை. வாடிக்கையாளர்கள் அவர் குரல் கம்மிவிட்டதோ என்று நினைத்து வெந்நீர் குடிக்கச் சொன்னார்கள்.

சொன்ன நாள் முடிந்தது. புட்டியில் அடியில் கொஞ்சம் நின்றது. நிற்கும் என்று கடைக்கார அம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். கொண்டு வந்து கொடுத்துவிடுங்கள், தண்ணீர் கலந்த மருந்து கொஞ்ச நாளில் கெட்டுவிடும் என்றும் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் உள்ளே நுழைந்தார். பையனுக்குத் தொண்டை வலியாம்.

"உங்ககிட்ட மிச்சம் இருக்குமே மாஸ்டர். கொஞ்சம் ஊத்திக் குடுங்க, டாக்டருக்கு அழற காசு மிச்சம்."

இந்தத் தெருவில் மாஸ்டரிடம் மிச்சம் கேட்டு இல்லை என்று கேள்விப்பட்டவர் யாரும் கிடையாது. பொத்தான் கேட்டால் பொத்தான், ஜிப் கேட்டால் ஜிப். மாஸ்டர் புட்டியைக் கையில் எடுத்தார். எலக்ட்ரீஷியன் கையை நீட்டினார்.

"இது இவ எடைக்கு, இவ காதுக்கு வெட்டினது. உன் பையனுக்குப் பொருந்தாதுப்பா. வா, அவனையும் தூக்கிக்கோ, நானும் அந்தப் பக்கம்தான் போறேன்."

போகிற வழியில் புட்டியை மருந்துக்கடையில் கொடுத்தார். கடைக்கார அம்மா சொல்கிறார்: கொடுத்துவிட்டு மனுஷர் சட்டென்று போகவில்லை, குழந்தையை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விட்டவர்போல் கொஞ்சநேரம் வாசலில் நின்றார்.

டாக்டர் மேனேஜரின் காதில் மறுபடி விளக்கடித்துப் பார்த்துச் சுத்தமாக இருக்கிறது என்றார். அது போதாது மாஸ்டருக்கு. டாக்டருக்கு விளக்கு இருந்தால் தனக்கும் ஒரு வழி இருக்கிறது என்று அன்று சாயங்காலம் மெஷினை நிறுத்தினார். மகள் உள்ளறையில், திரைக்கு அந்தப் பக்கம், இடது காதை இந்தப் பக்கம் காட்டியபடி படம் வரைந்துகொண்டிருந்தாள். மாஸ்டர் வெட்டுமேஜைமேல் குனிந்து, தனக்கே கேட்காத குரலில் சொன்னார்.

"ஐஸ்கிரீம்."

"எனக்கு ரெண்டு" என்றாள் மேனேஜர், தலையைத் தூக்காமலே.

மாஸ்டர் கண்ணைத் துடைக்க ஏதோ ஒரு துணியை எடுத்தார். அதற்குள் வாசலில் வேன் கழுவிக்கொண்டிருந்த இடத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது.

"வாங்கறதுன்னா நாலா வாங்குங்க. மிச்சம் வைக்காம சாப்பிடலாம்."