தரைக்கு ஒரு வெள்ளை வேட்டி

2025 மார்ச் 9, ஞாயிறு. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். காபி, தண்ணீர் மோட்டார், எட்டு மணிக்குத் தாம்பரத்தில் சர்ச். பதினொன்றரைக்குப் பீர்க்கன்கரணை வீட்டுக்குத் திரும்பியதும், வேட்டியைக்கூட மாற்றாமல், வெளிச்சம் அளக்கும் மீட்டரோடு மொட்டைமாடிக்கு ஏறினேன்.

மறுநாள் காலைக்குள் சோலார் ஆட்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். தாழ்வாகப் பதிக்கும் சாதாரண பேனலா, ஏழடி உயரத் தாங்கியில் இரண்டு பக்கமும் வெளிச்சம் வாங்கும் பேனலா? தாழ்வாகப் போட்டால் என் மனைவியின் துணிக்கொடிகளுக்கு இடம் இருக்காது. உயரத் தாங்கிக்குச் செலவு கூடும். தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தால் பேனலின் பின்பக்கம் பத்து சதவீதமாவது கூடுதல் மின்சாரம் தந்தால்தான் உயரத் தாங்கி என்று டயரியில் எழுதி, அவளிடமும் கையெழுத்து வாங்கியிருந்தேன்.

மீட்டரை இடுப்பு உயரத்தில் வானம் பார்க்கப் பிடித்து ஓர் அளவு, தரை பார்க்கத் திருப்பி ஓர் அளவு. ஐந்து இடங்கள், இடத்துக்கு மூன்று முறை. விழும் வெளிச்சத்தில் கிட்டத்தட்டப் பாதியைத் தரை திருப்பி அனுப்பியது.

கீழே வந்து, கணினியில் நான் எழுதி வைத்திருந்த பைத்தான் நிரலில் அந்த எண்ணைக் கொடுத்தேன். தெற்கு முகம், பதின்மூன்று டிகிரி சாய்வு. ஓராண்டின் ஒவ்வொரு மணி நேரத்தையும் கணக்கிட்டுச் சில விநாடிகளில் முடித்தது. பதினொரு சதவீதம்! நான் போட்ட சத்தத்தில் அவள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஏங்க, அந்தக் கறுத்துப்போன மாடித் தரை ஓடா பாதி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புது?"

"மீட்டர் பொய் சொல்லாது."

"அது சொல்லாது. நீங்க எங்க பிடிச்சீங்க? காட்டுங்க."

காட்டினேன். சிரிப்பில் அவளால் பேச முடியவில்லை. "சார், நீங்க அளந்தது உங்க வேட்டியை!"

கருநீல லுங்கிக்கு மாறினேன். மீட்டரை ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டி, தள்ளி நின்று அளந்தேன். ஐந்தில் ஒரு பங்குதான். கீழே போய்ப் போட்டால் நிரல் ஐந்து சதவீதம் என்றது. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளிடம் வந்து சொன்னதும் அவள் சிரிப்பு நின்றது. கொடியில் காய்ந்த போர்வையை மெதுவாக மடித்தாள்.

"அப்ப தரைக்கும் ஒரு வேட்டி கட்டிவிடுங்க."

இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினேன். வெயிலுக்கு மாடியில் அடிக்கும் வெள்ளை பெயின்ட்! தூசுக்குத் தாராளமாகக் கழித்து எண்ணைப் போட்டேன். பதினான்கு. இன்னும் கழித்தேன். பன்னிரண்டு! என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"பெயின்ட் யார் அடிக்கிறது?" என்றேன்.

"வேட்டி யாருதோ அவங்கதான்."

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு எழுந்ததும், காபிக்கு முன்பே, சோலார் ஆட்களுக்கு 'உயரத் தாங்கி' என்று செய்தி அனுப்பினேன்.