உப்பின் மேல் போட்ட பழி

2005ஆம் வருடம், மே மாதம். மரக்காணத்தில் உப்பு வாரும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். எங்கள் வீட்டின் முன்பக்கமே மெடிக்கல் ஷாப். என் கணவர் சரக்கு எடுக்கப் பாண்டிச்சேரி போகும் நாட்களில் கல்லாவில் நான்தான் உட்காருவேன். சின்னச் சின்ன உபாதைக்கெல்லாம் நானே மருந்து சொல்லிவிடுவேன். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள்தான், ஆனால் வாய் மட்டும் எம்.பி.பி.எஸ். படித்தது.

அப்போது என் தம்பி மனைவிக்கு எட்டாம் மாதம். தம்பி துபாயில் இருந்தான். அவளுக்குத் தாய் இல்லாததால் பிரசவத்துக்கு என் வீட்டுக்கே அழைத்து வந்திருந்தேன். திடீரென்று அவளுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்க ஆரம்பித்தது. சீப்பை வைத்துச் சொறிவாள், காலை நிலைப்படியில் தேய்ப்பாள். பார்த்தால் ஒரு தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. எங்கள் ஊரில் காற்றிலும் உப்பு, போர் தண்ணீரிலும் உப்பு. யாருக்கு அரித்தாலும் உப்பு என்றுதான் சொல்வோம். நானும் அதையே சொல்லி ஒரு ஆயின்ட்மென்ட் ட்யூபைக் கொடுத்தேன். நாலு நாளாகியும் குறையவில்லை. பாத்திரம் தேய்க்கச் சொன்னால், "முடியலக்கா" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"உப்பளத்துல நாள் பூரா நிக்கிறவங்களே கம்முனு இருக்காங்க. உனக்கு மட்டும் என்னடி வந்துச்சு? வேலைக்குப் பயந்துகிட்டு நடிக்கிறியா?" என்று கத்தினேன். பாவம், அழுதுவிட்டாள்.

கடை வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். உப்பள வேலைக்குப் போகிறவர், கால் வெடிப்புக்கு மருந்து வாங்க வந்திருந்தார். எப்போதோ பார்த்த முகம், பெயர்கூடத் தெரியாது. நான் போட்ட கூச்சலையெல்லாம் கேட்டுவிட்டார் போலிருக்கிறது. விறுவிறுவென்று உள்ளே வந்து, தம்பி மனைவியின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் பாதத்தை என்னிடம் காட்டினார். பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"பாயம்மா, உப்பு அரிச்சா கால் இப்படித்தான் இருக்கும். இந்தப் பொண்ணு காலு பூ மாதிரி இருக்குது. இது உப்பு இல்லைங்க. உள்ளேர்ந்து வர்ற அரிப்பு. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கும் எட்டாம் மாசம் இப்படித்தான் அரிச்சுதுங்க. மருந்துக் கடையில உப்புன்னு சொல்லி ட்யூப் குடுத்தாங்க. அதைத் தடவிக்கிட்டே வேலைக்குப் போனேன். ஒரு நாள் வயித்துல அசைவே இல்ல. கொழந்தை உள்ளேயே போயிடுச்சு. அரிக்கும்போதே வந்திருக்கணும்னு அப்புறமா டாக்டரம்மா சொன்னாங்க."

உடனே கடையை இழுத்து மூடிவிட்டு அவளைப் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றினேன். வழியெல்லாம் "அசையுதா, அசையுதா" என்று அவளை நச்சரித்தேன். பொம்மையார்பாளையம் தாண்டும்போது, "உதைக்குதுக்கா" என்றாள். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

கல்லீரலில் சுரக்கும் பித்த நீர் சரியாக ஓடாமல் தேங்கி ரத்தத்தில் கலந்திருக்கிறது, அரிப்பு அதனால்தான் என்று ரத்தத்தைச் சோதித்த டாக்டர் சொன்னார். கண்ணில் மஞ்சள்கூடத் தெரியாமல் இப்படி வருமாம். தாயைவிடக் குழந்தைக்குத்தான் ஆபத்தாம். பித்த நீர் ஓடுவதற்கு மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக அரிப்பு குறைந்தது. வாராவாரம் போய்க் காட்டினோம். முப்பத்தேழாவது வாரத்தில் வலி வரவழைத்தார்கள். பெண் குழந்தை. அது வீறிட்ட சத்தம் கேட்டதும், "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

தம்பி மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் சரிக்கா, இனிமே நான் பாத்திரமே தேய்க்க மாட்டேன்" என்று சிரித்தாள்.

ஸ்வீட் பாக்ஸோடு உப்பளத்துக்கே அந்த அம்மாவைத் தேடிப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு, என் வாய் சும்மா இருக்குமா, "உப்புன்னு சொல்லி உன் கையில ட்யூபைக் குடுத்த புண்ணியவான் யாரும்மா? அவன் மட்டும் என் கையில கெடைச்சா..." என்று பொரிந்தேன்.

"விடுங்க பாயம்மா" என்றார். நான் விடவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "உங்க கடையிலதாங்க. நீங்கதான் குடுத்தீங்க" என்றார். பிடித்திருந்த கையை விட்டுவிட்டேன். அவரோ பாக்ஸைத் திறந்து ஒரு லட்டை எடுத்துக்கொண்டு, "பாப்பா நல்லா பால் குடிக்குதா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு, வாயும் வயிறுமாக வந்து அரிப்புக்கு மருந்து கேட்கும் யாருக்கும் நான் ட்யூபை எடுத்துக் கொடுத்ததில்லை. "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் குடுத்துப் பாரு" என்று விரட்டுவேன். எங்கள் பாப்பா சிரிக்கும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடுகிறது. ஆனால், தனக்குத் தப்பு மருந்து கொடுத்துத் தன் பிள்ளையை இழக்க வைத்த அதே கடைப் படியேறி வந்து என் வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்ற அந்த அம்மாவுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.