ஜெயசீலனின் ஜெபச் சீட்டு

பிரியமானவர்களே, உங்கள் முன் நல்லவனாக நிற்கவில்லை, பொறாமைக்காரனாக நிற்கிறேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். அம்பத்தூர் எஸ்டேட்டில் நானும் ஜெயசீலனும் இருந்த பட்டறையை மூடிவிட்டார்கள். நான் இரும்பைக் கடையும் லேத் மிஷின் ஓட்டும் டர்னர், பதினாறு வருஷ அனுபவம். அவன் பெயிண்ட் அடிப்பவன். இரண்டே வாரத்தில் அவனுக்கு டெஸ்டிங் கம்பெனியில் வேலை. இரும்புக் கம்பியை மிஷினில் இழுத்து, எவ்வளவு பாரத்தில் அறுந்துபோகிறது என்று பார்க்கும் இடம். எனக்கு எட்டு மாசம் ஒன்றுமில்லை. என் மனைவி ரூபி குமணன்சாவடியில் வீட்டு வேலைக்குப் போனாள்.

ஞாயிறுதோறும் ஜெயசீலன் சபையில் எழுந்து நன்றி சொல்வான். ஓவர்டைமாம், புது சைக்கிளாம். எனக்கு வயிறு எரியும். பெயிண்ட் டப்பா தூக்கியவனுக்கு உண்டு, எனக்கு இல்லையா ஆண்டவரே! அவன் வேலை போகட்டும் என்றுகூட முழங்காலில் நின்று கேட்டிருக்கிறேன். வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

எங்கள் சபையில் ஜெபக் குறிப்பைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். ஆளுக்கு ஒன்று எடுத்து, வேதாகமத்துக்குள் வைத்து ஜெபிக்க வேண்டும். நிறைவேறியதும் பெட்டியில் திரும்பப் போட வேண்டும். எனக்கு வந்தது ஜெயசீலன் சீட்டு! "எங்கள் கம்பெனி பெரிதாக வேண்டும். எட்டுப் பேருக்கு வேலை கிடைக்க வேண்டும்." அவ்வளவுதான் படித்தேன். எரிச்சலில் மடித்துச் செருகிவிட்டேன். இவன் கம்பெனி வளர நான் முழங்கால் தேய வேண்டுமா?

மூன்று வாரம் ஜெபிக்கவில்லை. ரூபி கேட்டாள்: "இன்னாங்க, சீட்டு எடுத்தீங்களே, ஜெபம் பண்றீங்களா இல்லியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. அன்று பல்லைக் கடித்துக்கொண்டு, "அவன் கம்பெனி பெருசாகட்டும் ஆண்டவரே" என்றேன். பிறகு தினமும் சொன்னேன். ஒருநாள் சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

இரண்டு மாதத்தில் அந்தக் கம்பெனி சென்னீர்குப்பத்தில் புது ஷெட் போட்டது. சோதிக்கும் கம்பிகளை அளவாகக் கடைய சொந்தமாக லேத் வாங்கினார்கள். ஜெயசீலன் சைக்கிளில் வந்து நின்றான்.

"அண்ணாத்தே, நாளைக்கு காலைல என்னோட வந்துடு. ஓனராண்ட பேசிட்டேன். டர்னர் நீதான்."

எட்டுப் பேரில் நானும் ஒருவன். ஞாயிறன்று திரும்பப் போடுவதற்காகச் சீட்டை எடுத்தேன். பின்பக்கமும் எழுதியிருந்தது.

"கம்பெனி லேத் வாங்கினால் சாமுவேல் அண்ணனுக்கும் வேலை கிடைக்கும். அதற்காகத்தான் கேட்கிறேன்."

சாமுவேல் நான்தான்.

இன்றும் அந்த ஷெட்டில்தான் வேலை. பொறாமை போய்விட்டதா? இல்லை, அவன் ஜெபிப்பதைப் பார்த்தால் இன்னும் பொறாமைதான். பிரியமானவர்களே, பிடிக்காதவன் சீட்டு உங்கள் கைக்கு வந்தால் மடித்து வைக்காதீர்கள். முழுசாகப் படித்து, அவனுக்காகக் கேளுங்கள். என்னைப் போன்றவனுக்கே செவிகொடுத்தவர், உங்களுக்கும் கொடுப்பார்.