நெஞ்சில் ஒன்றரைக் கிலோ

மகள் பிறந்த அன்றே என் மனைவி இறந்துபோனாள். ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. பால் தெளித்த மறுநாளே நான் காக்ஸ் டவுனில் ஒரு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போய்விட்டேன். தினமும் அக்காதான் குழந்தையைப் பார்த்துவந்தாள். நான் ஆஸ்பத்திரி வாசல் வரை போவேன், ஒரு டீ குடிப்பேன், திரும்பிவிடுவேன். பயம் என்று அக்காவிடம் சொன்னேன். உண்மையில் அந்தக் குழந்தை மேல் எனக்குக் கோபம்.

பதினோராம் நாள் ஏணியில் நிற்கும்போது அக்காவின் போன் வந்தது.

"டேய், எடை ஏறலையாம். யாராவது நெஞ்சு மேல போட்டு வெச்சுக்கணுமாம், உடம்புச் சூடு படணுமாம். எனக்கு ஜுரம், உள்ள விட மாட்டேங்கிறாங்க. நீதான் போவணும்."

கை, கழுத்தெல்லாம் எனாமல் பெயின்ட். சுத்தமாகப் போக வேண்டுமே என்று பெயின்டைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து நெஞ்சு வரை அழுத்தித் துடைத்தேன். எங்கள் வேலையில் அதுதான் சோப்பு. வார்டுக்குள் நுழைந்ததும் நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னண்ணா, தின்னர்லயே குளிச்சீங்களா? கொழந்தைக்கு மூச்சே கொஞ்சந்தான். போயி சோப்பு போட்டுத் தேச்சிட்டு வாங்க."

இரண்டு முறை கழுவியும் திருப்பி அனுப்பினாள். குழாய்க்குப் பக்கத்திலேயே படிக்கட்டு. நான்கு படி இறங்கிவிட்டேன். பிறகு என்ன தோன்றியதோ, ஏறிவந்து மறுபடி தேய்த்தேன்.

உள்ளே வரிசையாகத் தாய்மார்கள். கூட வேலை செய்கிறவர்கள் முன்னால்கூட நான் சட்டையைக் கழற்றியதில்லை.

"கழட்டுங்கண்ணா. இங்க யாருக்கும் உங்களப் பாக்க நேரமில்ல."

குழந்தை ஒன்றரைக் கிலோகூட இல்லை. நெஞ்சில் வைத்துத் துணியால் கட்டிவிட்டாள். "சில நேரம் மூச்சு விட மறந்துடும். முதுகு அசையலன்னா உள்ளங்கால்ல சுண்டுங்க, உடனே என்னைக் கூப்பிடுங்க."

நான் முகத்தைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன், கூரையில் உரிந்திருந்த பெயின்டைப் பார்த்தேன். அதைச் சுரண்ட எத்தனை நாளாகும் என்று யோசித்தேன். குனிந்தபோது அந்த முதுகு அசையவில்லை. உதடு நீலம் பூத்திருந்தது.

சுண்டினேன். ஒன்றுமில்லை. மறுபடியும் சுண்டினேன். அறை முழுக்கப் பெண்கள். நான் யாரையும் உரக்கக் கூப்பிட்டுப் பழகாதவன்.

"சிஸ்டர், எம் பொண்ணு மூச்சு விடல" என்று கத்தினேன்.

நர்ஸ் ஓடிவந்து முதுகைத் தேய்த்தாள். பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. டாக்டர் வந்து பார்த்தார். அப்பா நெஞ்சிலேயே இருக்கட்டும் என்றார்.

"பயமா இருந்தா பெட்டியில வெச்சிடட்டுமாண்ணா?" என்றாள் நர்ஸ்.

வேண்டாம் என்று தலையசைத்தேன். கால் மரத்துப்போனது, சிறுநீர் முட்டியது. நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி மறந்துவிடுவாளோ என்று அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.