யாருடைய விருப்ப ஒழுங்கு

நான் படித்த பாடசாலையிலிருந்து போன மாதம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் போகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு சிறு மலர் வெளியிடுகிறார்களாம். நான் இப்போது மலைப்பக்கத்து ஊர் ஒன்றில், மழை ஓயாத ஒரு பல்கலைக்கழகத்தில் நில அளவை படிக்கிறேன். அதனால் பழைய மாணவி என்ற முறையில், பல்கலைக்கழக வாழ்க்கைக்குத் தயாராவது எப்படி என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். கடைசியில் ஒரு குறிப்பு: "நல்ல விசயங்களை மட்டும் எழுதவும்."

அந்த வரியைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லதை மட்டும் சொல்லிச் சொல்லித்தானே என்னுடைய ஒரு வருடத்தைத் தின்றார்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்காது என்று பதில் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அவர்கள் போட மாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும்.

எனக்குப் பெறுபேறு வந்த கிழமை எங்கள் வீட்டில் வந்தவர்கள் இருக்கக் கதிரை போதவில்லை. சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு. அம்மாவும் நானும் மட்டும்தான். அப்பா நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது மாரடைப்பில் போய்விட்டார். அண்ணை பிரான்சில். சாதாரண நாளில் எட்டிப் பார்க்காத சனமெல்லாம் அந்தக் கிழமை வந்து, தேத்தண்ணி குடித்து, ஆளுக்கொரு புத்திமதி வைத்துவிட்டுப் போனது. மாமி ஒருத்தி, போகிற இடத்தில் தலைமயிரை விரித்துவிட்டுத் திரியக் கூடாது என்றாள். அம்மாவின் சிநேகிதி சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைக்கச் சொன்னாள். எல்லாரும் ஒரே குரலில், யாரோடும் சிரித்துக் கதைக்காதே என்றார்கள். நான் படிக்கப் போகிறேனா, சிறைக்குப் போகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

உருப்படியாக ஒன்று சொன்னவர் பக்கத்து வீட்டு டீச்சர் மட்டும்தான். மிசன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். "மருந்துக் கடையிலை என்ன வருத்தம் எண்டு சொல்லுற அளவுக்கெண்டாலும் சிங்களம் பழகிக்கொண்டு போ பிள்ளை," என்றார். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டுக் கோயில் கூட்டத்துக்கு நேரமாகிறது என்று எழும்பிப் போனார். தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

வந்தவர்களில் வேறொருவரிடம் பகிடிவதையைப் பற்றியும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "உதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். பகிடியைப் பகிடியாய் எடுத்தால் ஒண்டும் இல்லை. தலையைக் குனிஞ்சு நிண்டு சமாளி." இதைச் சொன்னவர் ஒரு பட்டதாரி. புதிதாக வந்த ஒரு பிள்ளையை வெயிலில் மணிக்கணக்காக நிறுத்தி, அழ வைத்து, சாப்பாட்டைத் தட்டிவிடுவதற்குப் பெயர் பகிடியாம். எங்கள் ஊரில் பகிடி என்றால் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பது. வதைக்கிறவனைக் கூப்பிட்டு வைத்து, நீ உப்படிச் செய்யாதே என்று யாராவது புத்திமதி சொன்னதாக நான் இன்றுவரை கேள்விப்படவில்லை. குனியச் சொல்வது எப்போதும் வாங்குகிறவனுக்குத்தான்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு என்ன படிக்க விருப்பம் என்பது எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது கீரிமலைக்குப் போகும் பாதையில் இருந்த எங்கள் காணியை இராணுவம் விட்டது. நான் பிறக்க முன்னமே பறிபோன காணி. போய்ப் பார்த்தால் வேலியும் இல்லை, ஒழுங்கைப் பாதையும் இல்லை. கிணறு தூர்ந்து, எல்லாம் ஒரே பற்றைக்காடு. எங்கள் எல்லை எங்கே என்று பெரியப்பாவும் பக்கத்துக் காணிக்காரரும் ஒரு வேப்பமரத்தடியில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள். நிலம் அளக்கிற சேவையர் ஒருவர் வந்தார். இரண்டு பேரையும் அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. பழைய வரைபடத்தைப் பிரித்து, கருவியை நிறுத்தி, அளந்து, ஓர் இடத்தில் வெட்டச் சொன்னார். முழங்கால் ஆழத்தில் எல்லைக்கல் இருந்தது. கத்தல் அப்படியே அடங்கிவிட்டது. சத்தம் போடுகிறவன் பக்கம் சாயாத அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அன்றிலிருந்து நான் சேவையராக வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கணிதப் பிரிவு எடுத்ததே அதற்காகத்தான். பெரியப்பா அப்பாவின் தமையன், ஓய்வு பெற்ற தபால் அதிபர், எங்கள் குடும்பத்துப் புத்திமதித் திணைக்களம். "பொம்பிளைப் பிள்ளை வெயிலுக்கை கம்பும் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் திரியிறதோ? யாழ்ப்பாணத்திலையே பௌதிக விஞ்ஞானம் கிடைக்கும். வீட்டிலை இருந்து பஸ்ஸிலை போய் வரலாம். வெண்ணெயைக் கையிலை வைச்சுக்கொண்டு ஏன் நெய்க்கு அலையிறாய்?" என்று கிழமைக்கு ஒருதரம் வந்து கேட்பார். எனக்கு வேண்டியது வெண்ணெயும் இல்லை, நெய்யும் இல்லை என்று நானும் கிழமைக்கு ஒருதரம் சொல்வேன்.

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுவார். அதை நான் ஆதரவு என்று எடுத்துக்கொண்டேன்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும். மேலேயிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருவார்கள். நீங்கள் உயர்தரத்தில் எடுத்த இசட் புள்ளிக்கு முதலில் எது கிடைக்கிறதோ, அதோடு சரி. அதற்குக் கீழே நீங்கள் உயிரையே எழுதி வைத்திருந்தாலும் யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் ஒழுங்குதான் எல்லாம். நான் கொப்பித் தாளில் ஒழுங்காக எழுதி வைத்தேன். முதலாவது நில அளவை. யாழ்ப்பாணத்துப் பௌதிக விஞ்ஞானம் மூன்றாவது.

முடிவுத் திகதி கிட்டும்போது எனக்குக் காய்ச்சல் பிடித்தது. டெங்குவாக இருக்கும் என்று வீடே பயந்தது. எழும்பி நிற்க முடியவில்லை. அம்மாதான் கொப்பித் தாளைக் கொண்டுபோய், சந்தியில் இருந்த போட்டோக்கொப்பிக் கடையில் கணினியில் போடுவித்து, அச்செடுத்துக்கொண்டு வந்தார். "இதிலை ஒரு கையெழுத்து வை பிள்ளை," என்று பேனையைக் கையில் தந்தார். படுத்த படுக்கையில் வைத்தேன். பதிவுத் தபாலில் போயிற்று.

வாசிக்காமல் வைத்தேன். அது என் பிழை. காணி உறுதியில் ஓர் எழுத்து மாறினாலும் நொத்தாரிசோடு மல்லுக்கு நிற்கிற ஊரில் பிறந்த பிள்ளை, தன் படிப்புக்கான கடதாசியை வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். அத்தனை கதிரை போட்டு, அத்தனை தேத்தண்ணி குடித்தார்களே, அதில் ஒருவராவது, எதை நீட்டினாலும் வாசித்துவிட்டுக் கையெழுத்து வை என்று சொன்னார்களா? அவர்களுக்கு என் தலைமயிரைப் பற்றித்தான் கவலை.

சில மாதங்களில் தெரிவு வந்தது. யாழ்ப்பாணம், பௌதிக விஞ்ஞானம். புள்ளி போதவில்லையாக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு வெட்டுப்புள்ளிகளைப் பார்த்தேன். நில அளவைக்கு வேண்டியதைவிட என்னுடையது கூட. கடதாசிக் கோவையிலிருந்த விண்ணப்பப் பிரதியை எடுத்து முதல்முறையாக வாசித்தேன். கொப்பித் தாளில் மூன்றாவதாக இருந்தது இதில் முதலாவதாக இருந்தது. முதலாவது கீழே போயிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா ஒரு பெட்டி லட்டோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார். "பாத்தியோ, நான் சொன்னனான் எல்லே. வீட்டுச் சோறு, வீட்டுக் கட்டில். இனி உனக்கு என்ன குறை?"

"நீங்கள்தானே மாத்தினது?" என்றேன்.

"எதை?"

பிரதியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "மூண்டாவதாய் இருந்ததை மேலை தூக்கிப் போட்டது ஆர்? வயசு போனால் மற்றவையின்ரை சீவியத்துக்கும் நீங்களே ஒழுங்கு வைக்கலாமோ?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் வாயாலை சொன்னனான், ஓம். பேப்பரிலை கை வைச்ச ஆள் நான் இல்லை. முப்பது வரியம் தபால் கந்தோரிலை இருந்தனான். ஒருத்தற்றை கடிதத்தையும் உடைச்சுப் பாத்தவன் இல்லை நான்."

குசினியில் தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது. அம்மா வாசலில் வந்து நின்றார். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. "பெரியப்பாவைப் பேசாதை," என்றார். "நான்தான் மாத்தினனான்."

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. பெரியப்பாவுக்கு அடைக்கவில்லை. "நல்ல காரியம்தானே செய்திருக்கிறாய் பிள்ளை!" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அந்த இடத்திலேயே லட்டுப் பெட்டியின் நூலை அவிழ்த்தார். வேலி அடைக்கும்போது கதியால் கம்பை ஒரு சாண் தள்ளி நட்டான் என்று மூன்று தலைமுறைக்குக் கோர்ட்டுப் படி ஏறுகிற சனம் நாங்கள். பிள்ளையின் முதலாவது வரியைத் தள்ளி நட்டால் மட்டும் அது பாசம். அதற்கு லட்டு.

அவர் போன பிறகுதான் அம்மா கதைத்தார். என்னைப் பார்க்காமல், கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கதைத்தார்.

"கொண்ணையும் பிரான்சுக்கு ரெண்டு வரியம் எண்டுதான் போனவன். ஏழு வரியம் ஆச்சுது. நீயும் போனால் நான் இந்த வீட்டுக்கை ஆரோடை கதைக்கிறது?"

"உதை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அம்மா."

"சொன்னால் நீ போகாமல் நிண்டிடுவாய். பிறகு என்னாலைதான் நிண்டனான் எண்டு காலம் முழுக்க மனசுக்கை வைச்சிருப்பாய். இப்பிடியெண்டால், கிடைச்சது இதுதான் எண்டு நினைச்சுக்கொண்டு படிச்சிருப்பாய்."

எனக்கு அழுகை வந்தது. அம்மாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும்விடக் கோபம்தான் பெரிதாக இருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. தனிமை பயமாக இருக்கிறது என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் நான் அம்மாவோடு இருந்து யோசித்திருப்பேன். அழுதிருப்போம், சண்டை பிடித்திருப்போம், ஒரு முடிவுக்கு வந்திருப்போம். அந்த உரிமையைக்கூட எனக்குத் தரவில்லை. என் கையெழுத்தை வாங்கி, என் விருப்பம் என்று பெயர் போட்டு, அம்மாவின் பயத்தை அனுப்பியிருந்தார்.

பதிவு செய்ய இரண்டு கிழமை இருந்தது. பதிந்துவிட்டால் பிறகு வேறு பாடநெறிக்கு வழியில்லை என்று விசாரித்ததில் தெரிந்தது. பதியாவிட்டால் திரும்பவும் உயர்தரம் எழுத வேண்டும். அந்த இரண்டு கிழமையும் சனம் செத்தவீட்டுக்கு வருவதுபோல வந்தது. கிடைச்சதைப் படி, கொழுப்பு பிடிச்சு ஆடாதை, அம்மாவை விட நீ பெரிய ஆளோ என்று எல்லாரும் கேட்டார்கள். ஒருவராவது, உன் கடதாசியை உன்னைக் கேளாமல் மாற்றியது பிழை என்று சொல்லவில்லை. கடைசி நாள் விடிய அம்மா என்னுடைய சான்றிதழ்களை ஒரு கோவையில் போட்டு மேசையில் வைத்திருந்தார். நான் அதைத் தொடவில்லை. பின்னேரம் அம்மாவே எடுத்து அலுமாரியில் வைத்தார்.

அடுத்த வருடம் முழுக்க, எனக்கு இளைய பிள்ளைகளோடு ரியூட்டரி வகுப்பில் பின்வரிசையில் இருந்து திரும்பவும் இரசாயனம் படித்தேன். வீட்டில் அம்மாவும் நானும் அளவாகத்தான் கதைத்தோம். சாப்பாடு போட்டிருக்கு. குடையை எடுத்துக்கொண்டு போ. ஓம். தனியே இருக்கப் பயந்து செய்த வேலை, ஒரு வீட்டுக்குள்ளேயே எங்கள் இரண்டு பேரையும் தனியே இருத்திவிட்டது.

இரண்டாம் முறை பெறுபேறு வந்தபோது இசட் புள்ளி முதல்முறையைவிடக் கொஞ்சம் குறைவு. நில அளவைக்குப் போதினாலும் போதும், போதாமலும் போகலாம் என்ற கரையில் நின்றது. பெரியப்பா ரெலிபோன் எடுத்து, "இப்பவெண்டாலும் யாழ்ப்பாணத்தை மேலை போடு. ஆசை மோசம் செய்யும்," என்றார். நான் ரெலிபோனை வைத்துவிட்டேன்.

விண்ணப்பம் போட வெளிக்கிட்டபோது அம்மாவும் சீலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். வர வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அதே போட்டோக்கொப்பிக் கடை, அதே கடைக்கார அக்கா. கணினிக்கு முன்னால் இரண்டு கதிரை போட்டார். என்னுடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், சுட்டெண் எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுப் போட்டார். விருப்ப ஒழுங்கு என்ற இடம் வந்ததும், போன முறைப் பழக்கத்தில், என்னைத் தாண்டி அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"முதலாவது என்ன போடுறது அன்ரி?"

அம்மா கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தார்.

"என்னட்டைக் கேளாதை பிள்ளை," என்றார். "அவளிட்டைக் கேள்."

நான் சொன்னேன். அக்கா தட்டினார்.

"ரெண்டாவது?"

"அவ்வளவுதான்," என்றேன்.

அக்கா திரும்பவும் அம்மாவைப் பார்த்தார். அம்மா அழுதுகொண்டிருந்தார். ஆனால் வாய் திறக்கவில்லை.