கூண்டைக் கழற்றிய கை

தேவேந்திரன் சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூர்ப் பக்கம் பிறந்தவன். சொந்தமாய் ஒரு குழி நிலம் இல்லாத குடும்பம். தொண்ணூறுகளில் திருப்பதி ரோட்டோரம் கம்பெனிகள் முளைத்தபோது, கரும்பு வெட்டுவதை விட்டுவிட்டுத் தகடு அடிக்கும் பிரஸ் மிஷினில் போய் நின்றான்.

கை உள்ளே போகாமலிருக்க மிஷினுக்கு ஒரு கம்பிக்கூண்டு உண்டு. கூண்டு இருந்தால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆர்டர் நெருக்கிய ஒரு வாரம் சூப்பர்வைசர் வெங்கட் வந்து, "தீசெய்ரா, கழட்டிப் போடு" என்றான். கழற்றினான். அந்த வாரமே வலது கை விரல்கள் தகட்டோடு போயின. கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

மனைவி தேன்மொழி சித்தூர் லேபர் ஆபீசில் நஷ்டஈட்டுக்கு மனுப் போட்டாள். விசாரணைக்கு முன்னால் வெங்கட் ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தான்.

"கூண்டை நான் கழட்டினேன்னு பேசிக்கினு கீறாங்கப்பா. எனக்கும் குடும்பம் கீது. காணிப்பாக்கம் புள்ளையார் கோயிலுக்கு வா. யார் கை கழட்டுச்சோ, சாமி முன்னால சொல்லிடு."

"அதுல இன்னா கீது, வரேன்" என்றான் தேவேந்திரன். பொய் சொல்லச் சொன்னால்தானே பயம்.

கோயில் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு, கட்டுப்போட்ட கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பிள்ளையார் முன்னால் பிரமாணமாகச் சொன்னான்: "கழட்டினது என் கைதான்."

விசாரணையில் கம்பெனி வக்கீல், அவனாகவே கழற்றினான், சட்டப்படி நஷ்டஈடு கிடையாது என்றார். ஆபீசர் இவன் பக்கம் திரும்பினார். நல்ல மனுஷன்.

"நீயா கழட்டியிருந்தா ஒண்ணும் வராதுப்பா. மேலே இருக்கிறவன் சொல்லிக் கழட்டியிருந்தா கம்பெனி குடுக்கணும். யாராவது சொன்னாங்களா?"

வெங்கட் கதவோரம் நின்றிருந்தான். தேவேந்திரனுக்கு அவன் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் காணிப்பாக்கத்தில் பிரமாணம் செய்த வார்த்தைக்கு மேல் ஒரு சொல் கூட்டினாலும் சத்தியம் முறியும், குடும்பத்தில் யாரையாவது அடிக்கும் என்று கேட்டே வளர்ந்தவன் அவன். வீட்டில் மகள் மஞ்சு இருக்கிறாள்.

"கழட்டினது என் கைதான் சார்."

"அதைக் கேக்கலப்பா. சொன்னது யாரு?"

"என் கைதான் சார்."

ஆபீசர் மனு தள்ளுபடி என்று எழுதினார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் தேன்மொழி கேட்டாள்:

"சாமியாய்யா உன்னாண்ட கேட்டாரு? வெங்கட்டு தானே கேட்டான்?"

"மஞ்சுவுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதில்ல."

"ஆவாது. அது நாளைக்கு இன்னா துன்னும்?"

கண்டக்டர் வந்து நின்றார். தேவேந்திரன் வலது கையைச் சட்டைப்பைக்குக் கொண்டுபோனான். கட்டைவிரல் மட்டும் உள்ளே போய்த் துழாவியது. தேன்மொழி அந்தக் கையை விலக்கிவிட்டு, தானே எடுத்துக் கொடுத்தாள்.